விஸ்பரை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

மெஷின் லேர்னிங் கருவி ஒன்றை இறக்கி நம் கணினியில் ஓட்ட உட்கார்ந்தால், மாடலைத் தொடுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடுகிறது. பைதான் பதிப்பு ஒத்துவர வேண்டும். அந்தப் பைதானுக்கு ஏற்ற பைடார்ச் (மாடல்களை ஓட்டும் நூலகம்) வேண்டும். அந்தப் பைடார்ச்சுக்கு ஏற்ற குடா நூலகங்கள் (என்விடியா ஜிபியுவில் கணக்கிட உதவுபவை) வேண்டும். எல்லாம் கூடிவந்த பிறகு, போன மாதம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு புராஜெக்ட் படுத்துக்கொள்ளும். ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் ஒரே கட்டாக வைத்துத் தனியாக ஓட்டும் கன்டெய்னர் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் கன்டெய்னருக்குள் எதை வைப்பது, வெளியே எதை நிறுத்துவது என்று தெரியாமல் இறங்கினால் அதே தொல்லை வேறு உருவத்தில் திரும்பி வரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

எடுத்துக்காட்டாக விஸ்பரை வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் மாடல் அது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் நிரலையும் மாடல் எடைகளையும் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொண்ட எண்கள்) எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது. அதற்குத் தெரிந்த மொழிகளில் தமிழும் ஒன்று. பேட்டிகள், முதியவர்களின் நினைவுகள், கூட்டப் பேச்சுகள் என்று எழுத்தாக்க ஆளில்லாமல் கிடக்கும் தமிழ் ஒலிப்பதிவுகள் ஏராளம். அவற்றுக்கு முதல் வரைவு எடுக்க இந்தக் கருவி உதவும். கன்டெய்னர் பழகவும் இது நல்ல பாடம். ஒலியைப் பிரித்துப் படிக்க எஃப்எஃப்எம்பெக் என்ற சிஸ்டம் மென்பொருள், பைதான் நூலகங்கள், ஜிபியு, பெரிய மாடல் கோப்பு, வெளியே போகக் கூடாத சொந்தத் தரவு என்று வழக்கமாகச் சிக்கல் தரும் எல்லாமே இதில் உண்டு.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அதே சொற்களை ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக அடியுங்கள். படித்தாலே பொருள் புரியட்டும் என்று, ஓரெழுத்துச் சுருக்கங்களை விட்டுவிட்டு முழுப் பெயருள்ள ஆப்ஷன்களையே பயன்படுத்துகிறேன்.

முதலில், கன்டெய்னருக்குள் என்னதான் இருக்கிறது?

கன்டெய்னர்களைக் கட்டவும் ஓட்டவும் உதவும் டாக்கர் 2013இல் வெளிவந்தது. அது புதிதாகக் கண்டுபிடித்த எதையும்விட, லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏற்கெனவே இருந்த நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற இரண்டு வசதிகளை எல்லோரும் பயன்படுத்தும்படி ஆக்கியதுதான் பெரிய வேலை. ஒரு புராசஸ் தன் கண்ணுக்கு எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது: எந்த ஃபைல்கள், எந்த நெட்வொர்க், எந்தப் புராசஸ்கள். எவ்வளவு ராம், எவ்வளவு சிபியு எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. அவ்வளவுதான். கன்டெய்னருக்கென்று தனிக் கர்னல் கிடையாது. உங்கள் கணினியின் கர்னலையே அதுவும் பயன்படுத்துகிறது. விர்ச்சுவல் மெஷினிலிருந்து அது வேறுபடுவது இங்கேதான்.

கர்னல் பொது என்பதால் ஒரு விஷயம் தானாகவே முடிவாகிவிடுகிறது. ஜிபியு டிரைவரின் முக்கியப் பகுதி கர்னலுக்குள் ஓடுவது. ஆகவே டிரைவர் கன்டெய்னருக்கு வெளியே, ஹோஸ்ட் கணினியில்தான் இருக்க வேண்டும். குடா நூலகங்கள் சாதாரண ஃபைல்கள். அவை உள்ளே இருக்கலாம். பைதானும் பைடார்ச்சும் எஃப்எஃப்எம்பெக்கும் உள்ளே. மாடல் எடைகள் வெளியே. ஒலிப்பதிவுகளும், விடைகளாக வரும் எழுத்தாக்கங்களும் வெளியே. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று கேட்காமலே புரியும்.

படி 1: ஹோஸ்டைத் தயார் செய்தல்

உபுண்டு லினக்ஸும் என்விடியா கார்டும் உள்ள கணினி என்று வைத்துக்கொள்கிறேன். டிரைவர் வேலை செய்கிறதா என்று பார்க்க, டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ என்று அடியுங்கள். கார்டின் பெயர், நினைவக அளவு, டிரைவர் பதிப்பு எல்லாம் ஒரு கட்டமாக வரும். மேலே வலது பக்கம் குடா பதிப்பு என்று ஓர் எண் தெரியும். பலர் அதைக் கணினியில் நிறுவியிருக்கும் குடா என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த டிரைவர் அதிகபட்சம் எந்தக் குடா பதிப்பு வரை தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஹோஸ்டில் குடா டூல்கிட் அறவே இல்லாவிட்டாலும் அந்த எண் அங்கே இருக்கும். நமக்கு ஹோஸ்டில் டூல்கிட் தேவையும் இல்லை.

டிரைவர் விஷயத்தில் ஒத்துப்போக வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் குடாவுக்குப் போதுமான அளவு புதிய டிரைவர் வெளியே இருக்க வேண்டும். லினக்ஸில் குடா 12 வரிசைக்கு 525 வரிசை டிரைவராவது வேண்டும், 13 வரிசைக்கு 580. டிரைவர் புதிதாக, உள்ளே குடா பழையதாக இருந்தால் பரவாயில்லை. தலைகீழாக இருந்தால்தான் ஓடாது. ஆகவே டிரைவரை மட்டும் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டால் போதும்.

அடுத்து டாக்கர் என்ஜின். உபுண்டுவின் சொந்தத் தொகுப்பிலும் டாக்கர் கிடைக்கும். ஆனால் டாக்கர் நிறுவனத்தின் ரெபாசிட்டரியைச் சேர்த்து அதிலிருந்து நிறுவுவதே நல்லது, புதிய பில்ட் வசதிகளும் கம்போஸும் (ஓட்டும் அமைப்பை ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதி) சேர்ந்தே வரும். ஒவ்வொரு முறையும் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போடாமல் இருக்க உங்கள் யூசரை டாக்கர் குழுவில் சேர்க்கலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: டாக்கர் குழுவில் இருப்பவர் அந்தக் கணினியில் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் உள்ளவருக்குச் சமம். ஹோஸ்டின் எந்த ஃபோல்டரையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து ரூட்டாகத் திருத்த அவரால் முடியும். கல்லூரி லேப் போலப் பலர் பயன்படுத்தும் கணினியில் எல்லோரையும் அந்தக் குழுவில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, என்விடியா கன்டெய்னர் டூல்கிட். டாக்கரையும் ஜிபியுவையும் இணைப்பது இதுதான். இணையத்தில் பழைய குறிப்புகள் என்விடியா-டாக்கர்2 என்ற பேக்கேஜை நிறுவச் சொல்லும்; அதன் காலம் முடிந்துவிட்டது. டூல்கிட்டை நிறுவிய பிறகு அதை டாக்கருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்:

சூடோ என்விடியா-சிடிகே ரன்டைம் கான்ஃபிகர் --ரன்டைம்=டாக்கர்

அப்புறம் டாக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதை மறந்தால் பழைய அமைப்பிலேயே டாக்கர் ஓடிக்கொண்டிருக்கும். சோதித்துப் பார்க்க:

டாக்கர் ரன் --ஆர்எம் --ஜிபியுஸ் ஆல் உபுண்டு என்விடியா-எஸ்எம்ஐ

முன்பு பார்த்த அதே கட்டம் இங்கேயும் வந்தால் வழி திறந்துவிட்டது. இமேஜ் என்பது கன்டெய்னர் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்த ஆயத்தக் கோப்புத் தொகுப்பு. உபுண்டு இமேஜில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற புரோகிராமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். கன்டெய்னர் தொடங்கும் நொடியில் டூல்கிட் அதையும் டிரைவரின் நூலகங்களையும் ஹோஸ்டிலிருந்து உள்ளே பொருத்துகிறது. இதனால்தான் ஒரே இமேஜ் வெவ்வேறு டிரைவர் உள்ள கணினிகளில் ஓடுகிறது. டிவைஸ் டிரைவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்ற பொருளில் பிழை வந்தால், டூல்கிட் நிறுவப்படவில்லை, அல்லது மேலே சொன்ன கான்ஃபிகர், ரீஸ்டார்ட் இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக இதே வேலையைச் செய்யலாம். என்விடியா டிரைவரை விண்டோஸில் மட்டும் நிறுவுங்கள். டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் லினக்ஸில் தனியாக இன்னொரு டிரைவரை ஏற்றினால் உள்ளதும் கெடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்: மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு சிறிய லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுகிறது, ஆப்பிள் ஜிபியுவின் மெட்டல் வசதி அதற்குள் எட்டாது. சிபியுவில் ஓடும், மெதுவாக. பெரிய மாடல் வேண்டுமென்றால் மேக்கில் கன்டெய்னர் இல்லாமல் நேரடியாக ஓட்டுவதே மேல்.

படி 2: டாக்கர்ஃபைல்

ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்கி, டாக்கர்ஃபைல் என்ற பெயரில் ஒரு கோப்பைத் தொடங்குங்கள். முதல் வரி அடிப்படை இமேஜ்:

ஃப்ரம் பைதான்:3.11-ஸ்லிம்

ஏன் இது? அளவில் சிறியது என்று ஆல்பைன் லினக்ஸைப் பலர் சிபாரிசு செய்வார்கள். வெப் சர்வர்களுக்கு அது சரி. பைடார்ச்சின் வீல்கள் (நிறுவ ஆயத்தமாகக் கட்டிய பேக்கேஜ்கள்) ஜிலிப்சி என்ற சி நூலகத்தை நம்பிக் கட்டப்பட்டவை. ஆல்பைனில் இருப்பது மசில் என்ற வேறொரு நூலகம். அந்த வீல் அங்கே ஏறாது. ஸ்லிம் இமேஜ் டெபியனிலிருந்து வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னொரு பக்கம், என்விடியாவின் குடா இமேஜிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. லினக்ஸில் பிப் (பைதான் நூலகங்களை நிறுவும் கருவி) வழியாக வரும் பைடார்ச் தனக்குத் தேவையான குடா நூலகங்களைத் தானே கொண்டுவருகிறது. குடா இமேஜையும் எடுத்தால் ஒரே நூலகம் இரண்டு முறை இடத்தை அடைக்கும். சி++ குடா நிரலை நீங்களே கம்பைல் செய்யும் தேவை வந்தால் மட்டும் அந்த இமேஜுக்குப் போங்கள்.

அடுத்த வரி எஃப்எஃப்எம்பெக்கை நிறுவும் ரன் வரி. அதில் மூன்று வேலைகளை ஒரே வரியில் இணைத்து எழுத வேண்டும்: ஆப்ட்-கெட் அப்டேட், பிறகு --யெஸ் --நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ் என்ற ஆப்ஷன்களோடு எஃப்எஃப்எம்பெக்கை நிறுவுதல், பிறகு /வர்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளதை அழித்தல். ஏன் ஒரே வரி? டாக்கர்ஃபைலின் ஒவ்வொரு ரன் வரியும் இமேஜில் ஒரு லேயராகப் பதிகிறது. ஒரு லேயரில் எழுதியதை அடுத்த லேயரில் அழித்தால் கண்ணுக்குத்தான் மறையும். இடம் அப்படியே இருக்கும். அப்டேட்டைத் தனி வரியில் விட்டால் இன்னொரு தொல்லையும் வரும்: டாக்கர் அந்த வரியின் பழைய விளைவையே மறுபடி பயன்படுத்தும், சில மாதம் கழித்து இல்லாத பதிப்பைத் தேடி நிறுவல் நின்றுபோகும்.

மூன்றாவது, பைதான் நூலகங்கள். ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் இரண்டு பெயர் போதும்: டார்ச், ஓப்பன்ஏஐ-விஸ்பர். இரண்டாவது பெயரை முழுதாக எழுதுங்கள். வெறும் விஸ்பர் என்று எழுதினால் பிப் பிழை எதுவும் காட்டாமல் நிறுவி முடித்துவிடும். அது கிராஃபைட் என்ற கண்காணிப்பு மென்பொருளின் தரவுத்தள நூலகம். ஒலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டு பெயருக்கும் பதிப்பு எண்ணை இரட்டைச் சமக்குறி போட்டு நிலைநிறுத்துங்கள். விஸ்பர் பேக்கேஜ் தேதியையே பதிப்பு எண்ணாக வைத்துக்கொள்கிறது, 20250625 என்பது போல. எண்ணை விட்டுவிட்டால் இன்று கட்டிய இமேஜும் அடுத்த வருடம் கட்டும் இமேஜும் வெவ்வேறு. ஆய்வுக்காக எழுத்தாக்கம் செய்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது. எந்த மாடல், எந்தப் பதிப்பு என்று சொல்ல முடியாத விடையை இன்னொருவரால் சரிபார்க்க முடியாது. முதல் முறை எல்லாம் சரியாக ஓடியதும், கன்டெய்னருக்குள் பிப் ஃப்ரீஸ் ஓட்டி, கூடவே வந்த நூலகங்களின் எண்களையும் ரெக்வயர்மென்ட்ஸில் எழுதிவிடுங்கள். இன்னும் கறாராக இருக்க விரும்பினால் ஃப்ரம் வரியில் 3.11-ஸ்லிம் போன்ற டேகுக்குப் பதிலாக ஷா256 என்று தொடங்கும் டைஜெஸ்டைக் கொடுக்கலாம். டேக் இன்று ஓர் இமேஜைக் காட்டும், நாளை வேறொன்றைக் காட்டலாம், டைஜெஸ்ட் மாறாது.

டாக்கர்ஃபைலில் வரிகளின் வரிசையும் முக்கியம்:

காபி ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி .
ரன் பிப் இன்ஸ்டால் --நோ-கேஷ்-டிர் --ரெக்வயர்மென்ட் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

உங்கள் சொந்த நிரல் இருந்தால் அதைக் காபி செய்யும் வரி இவற்றுக்குக் கீழே வர வேண்டும். ஒரு லேயர் மாறினால் அதற்குக் கீழே உள்ள எல்லா லேயர்களையும் டாக்கர் மறுபடி கட்டும். நிரலை மேலே வைத்தால், ஒரு கமாவைத் திருத்தியதற்கெல்லாம் பைடார்ச்சை முழுதாக மறுபடி இறக்கும். அடிக்கடி மாறுவது கீழே, அரிதாக மாறுவது மேலே.

கடைசியாக மூன்று வரிகள். எக்ஸ்டிஜி_கேஷ்_ஹோம் என்ற சூழல் மாறியை /கேஷ் என்று வைக்கும் என்வ் வரி. வேலை ஃபோல்டர் /வொர்க் என்று சொல்லும் வொர்க்டிர் வரி. விஸ்பர் கட்டளையே கன்டெய்னரின் வாசல் என்று சொல்லும் என்ட்ரிபாயின்ட் வரி. முதலாவது எதற்கு என்று அடுத்த படியில் தெரியும். எக்ஸ்டிஜி மாறியின் பெயரை மட்டும் பெரிய எழுத்துகளில் அடியுங்கள், அதைப் போலவே டாக்கர்ஃபைலின் ஃப்ரம், ரன் போன்ற சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதுவதுதான் வழக்கம்.

ஜிபியு இல்லாதவர்கள் பிப் வரியில் பைடார்ச்சின் சிபியு வீல்கள் இருக்கும் இன்டெக்ஸைக் கொடுங்கள். குடா நூலகங்கள் வராததால் இமேஜ் பல ஜிபி குறையும்.

இன்னொரு சின்னக் கோப்பு, .டாக்கர்இக்னோர். ஒலிப்பதிவு ஃபோல்டர், மாடல் ஃபோல்டர், .கிட், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் எல்லாவற்றின் பெயரையும் அதில் எழுதுங்கள். பிற்பாடு யாராவது எல்லாவற்றையும் காபி செய்யும் ஒரு வரியை டாக்கர்ஃபைலில் சேர்த்தால், தனிப்பட்ட பேட்டிகள் இமேஜுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்த இமேஜை டாக்கர் ஹப் என்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் பேட்டிகளும் ஊருக்குப் போய்விடும். பாஸ்வேர்டு, டோக்கன் எதையும் டாக்கர்ஃபைலில் எழுதக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். பின் லேயரில் அழித்தாலும் முன் லேயரில் அது படிக்கக் கிடைக்கும்.

படி 3: கட்டுதல்

டாக்கர் பில்ட் --டேக் விஸ்பர்-தமிழ்:1 .

கடைசியில் உள்ள புள்ளியை விடாதீர்கள், இந்த ஃபோல்டரிலிருந்து கட்டு என்று அதற்குப் பொருள். முதல் முறை இணைய வேகத்தைப் பொறுத்து நேரம் எடுக்கும். அடுத்த முறை நொடிகளில் முடியும். முடிந்ததும் கன்டெய்னருக்குள் பைடார்ச் ஜிபியுவைப் பார்க்கிறதா என்று தனியாகச் சோதியுங்கள். --என்ட்ரிபாயின்ட் பைதான் என்று வாசலை மாற்றி, --ஜிபியுஸ் ஆல் கொடுத்து, டார்ச்சை இம்போர்ட் செய்து டார்ச்.குடா.இஸ்_அவெய்லபிள்() என்ன சொல்கிறது என்று பிரின்ட் செய்யுங்கள். ட்ரூ வர வேண்டும். ஃபால்ஸ் வந்தால் --ஜிபியுஸ் விடுபட்டிருக்கிறது, சிபியு வீல் ஏறியிருக்கிறது, அல்லது டிரைவர் பழையது. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

படி 4: ஓட்டுதல்

ஹோஸ்டில் முதலில் இரண்டு ஃபோல்டர்களை நீங்களே உருவாக்குங்கள்: ஒலி, மாடல்கள். அவை இல்லாமல் வால்யூம் (ஹோஸ்ட் ஃபோல்டரைக் கன்டெய்னருக்குள் இணைக்கும் ஆப்ஷன்) கொடுத்தால் டாக்கரே உருவாக்கிவிடும், ஆனால் ரூட்டின் பெயரில் உருவாக்கும். பிறகு உங்களால் அதில் எழுத முடியாது. ஒலி ஃபோல்டரில் பேட்டி.எம்பி3 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கட்டளை இது, எல்லாம் ஒரே வரி:

டாக்கர் ரன் --ஆர்எம் --ஜிபியுஸ் ஆல் --யூசர் 1000:1000 --என்வ் ஹோம்=/டிஎம்பி --வால்யூம் (ஒலி ஃபோல்டரின் முழுப் பாதை):/வொர்க் --வால்யூம் (மாடல்கள் ஃபோல்டரின் முழுப் பாதை):/கேஷ் விஸ்பர்-தமிழ்:1 பேட்டி.எம்பி3 --மாடல் மீடியம் --லாங்குவேஜ் டிஏ --அவுட்புட்_ஃபார்மட் எஸ்ஆர்டி

இமேஜ் பெயருக்கு முன்னால் இருப்பதெல்லாம் டாக்கருக்கு, பின்னால் இருப்பதெல்லாம் விஸ்பருக்கு. இடம் மாறினால் பிழை வரும். ஹோம் மாறியின் பெயரும் பெரிய எழுத்து.

--யூசர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் கன்டெய்னருக்குள் ரூட்டாகத்தான் எல்லாம் ஓடும். விடை எழுதப்பட்ட எஸ்ஆர்டி கோப்பு (நேரக் குறிப்போடு வரும் வசனக் கோப்பு) ஹோஸ்டில் ரூட்டுக்குச் சொந்தமாக வந்து நிற்கும்; திருத்தக்கூட சூடோ தேவைப்படும். உங்கள் யூசர் எண்ணை ஐடி என்ற கட்டளை சொல்லும், உபுண்டுவில் முதல் யூசருக்கு 1000. அந்த எண்ணைக் கொடுத்தால் கோப்பு உங்கள் பெயரிலேயே வரும். ஆனால் அந்த எண்ணுக்குரிய ஆள் கன்டெய்னருக்குள் இல்லாததால் ஹோம் ஃபோல்டர் / என்று ஆகிவிடும், அங்கே எழுத அனுமதி இராது. சில நூலகங்கள் ஹோமில் எதையாவது எழுதப் பார்த்துத் தடுமாறும். அதற்குத்தான் ஹோம்=/டிஎம்பி.

மாடல் எடைகளை இப்போது பாருங்கள். விஸ்பர் முதல் முறை ஓடும்போது மாடலை இறக்கி, எக்ஸ்டிஜி_கேஷ்_ஹோம் காட்டும் இடத்தில் விஸ்பர் என்ற ஃபோல்டருக்குள் வைக்கும். அந்த இடம் /கேஷ், அதாவது ஹோஸ்டின் மாடல்கள் ஃபோல்டர். இதைச் செய்யாவிட்டால் எடைகள் கன்டெய்னரின் தற்காலிக லேயரில் விழும். --ஆர்எம் கொடுத்திருப்பதால் வேலை முடிந்ததும் கன்டெய்னரோடு அழியும். லார்ஜ் மாடல் ஏறக்குறைய 3 ஜிபி. ஒவ்வொரு பேட்டிக்கும் 3 ஜிபி இறக்குவது யாருக்கும் கட்டாது. எடைகளை இமேஜுக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று தோன்றலாம். இணையமே இல்லாத இடத்துக்கு அனுப்பும் இமேஜ் என்றால் அதுவும் நியாயம்தான். மற்றபடி மாடலை மாற்றும்போதெல்லாம் இமேஜைக் கட்ட வேண்டிவரும், ஒவ்வொரு இமேஜும் பூதமாக வீங்கும்.

எந்த மாடல்? ஜிபியு நினைவகம்தான் முடிவு செய்கிறது. விஸ்பர் குழு சொல்லும் கணக்கு: ஸ்மால் 2 ஜிபி, மீடியம் 5 ஜிபி, டர்போ 6 ஜிபி, லார்ஜ் 10 ஜிபி. ஆங்கிலத்துக்கு ஸ்மால் போதும் என்று எங்காவது படித்தால் அதைத் தமிழுக்கு நம்பாதீர்கள். தமிழில் சிறிய மாடல்கள் ஒலியை வைத்து இல்லாத சொற்களை ஒட்டவைக்கும். இடம் இருந்தால் லார்ஜ்-வி3, இல்லாவிட்டால் மீடியம்.

--லாங்குவேஜ் டிஏ என்பது தமிழ். கொடுக்காவிட்டால் முதல் 30 நொடியைக் கேட்டு மாடலே மொழியை ஊகிக்கும். பதிவின் தொடக்கத்தில் பாட்டோ ஆங்கில அறிமுகமோ இருந்தால் ஊகம் தவறி, முழுப் பேட்டியும் வேறு மொழி எழுத்தில் வரும். மௌனமான இடங்களில் ஒரே வாக்கியத்தை மாடல் திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. ஆகவே வரும் எஸ்ஆர்டியை வரைவு என்றே எண்ணி, ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். பேசியவரின் பெயரில் அவர் சொல்லாத வாக்கியம் பதிவாகிவிடக் கூடாது.

படி 5: வலையைத் துண்டித்தல்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எடைகள் ஒருமுறை இறங்கிவிட்டால் விஸ்பருக்கு இணையம் தேவையில்லை. கட்டளையில் --நெட்வொர்க் நன் என்று சேர்த்துவிடுங்கள். கன்டெய்னருக்கு வெளியுலகத் தொடர்பே இராது. நோயாளியின் பேச்சு, வன்முறைக்கு ஆளானவரின் வாக்குமூலம், பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் பேட்டி போன்றவற்றைக் கையாள்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எந்த நூலகம் எங்கே தகவல் அனுப்புகிறது என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டாம். அனுப்ப வழியே இல்லை. ஒலி ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்து (வால்யூமின் முடிவில் :ஆர்ஓ), விடைக்குத் தனி ஃபோல்டரை மவுன்ட் செய்து --அவுட்புட்_டிர் கொடுத்தால் மூலப் பதிவுகள் தவறியும் அழியாது.

கன்டெய்னரில் ஜூபிட்டர் (உலாவியில் பைதான் எழுதி ஓட்டும் கருவி) போன்ற சர்வரை ஓட்டினால் வேறு கவனம் வேண்டும். போர்ட்டைத் திறக்கும்போது 127.0.0.1:8888:8888 என்று கொடுங்கள். வெறும் 8888:8888 என்றால் நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் அது திறந்துவிடும். டாக்கர் நேரடியாக ஐபிடேபிள்ஸ் விதிகளை எழுதுவதால், உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் நீங்கள் போட்ட தடை அதைக் கட்டுப்படுத்தாது.

நின்றுபோனால் எங்கே பார்ப்பது

கன்டெய்னர் சத்தமில்லாமல் நின்று, வெளியேறிய எண் 137 என்று காட்டினால் பெரும்பாலும் ராம் தீர்ந்து கர்னல் அதைக் கொன்றிருக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் டாக்கருக்கு ஒதுக்கிய ராம் அளவைப் பாருங்கள்.

குடா அவுட் ஆஃப் மெமரி என்பது வேறு. அது ஜிபியு நினைவகம். டாக்கரின் --மெமரி ஆப்ஷன் ராமை மட்டுமே கட்டுப்படுத்தும், ஜிபியு நினைவகத்தை அது தொடாது. ஒரே கார்டில் இரண்டு கன்டெய்னர்கள் ஓடினால் முதலில் எடுத்துக்கொண்டவருக்கே இடம். கார்டுகள் பல இருந்தால் --ஜிபியுஸ் டிவைஸ்=0 என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

நோ கர்னல் இமேஜ் இஸ் அவெய்லபிள் என்ற பிழை லினக்ஸ் கர்னலைப் பற்றியது அல்ல. உங்கள் கார்டின் தலைமுறைக்கான நிரல் அந்தப் பைடார்ச் வீலில் இல்லை. கார்டு மிகப் பழையது, அல்லது வீலைவிடப் புதியது. பைடார்ச் பதிப்பை மாற்றுங்கள்.

விஸ்பரோடு நில்லாமல் உங்கள் சொந்த மாடலுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினால் பஸ் எரர் ஒரு நாள் வந்தே தீரும். பைடார்ச்சின் டேட்டாலோடர் பல வொர்க்கர்களுக்கு இடையே ஷேர்டு மெமரி வழியாகத் தரவைக் கடத்துகிறது. டாக்கர் அதற்கு ஒதுக்கும் அளவு 64 எம்பி மட்டுமே. --எஸ்எச்எம்-சைஸ் 8ஜி என்று கூட்டுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர் திடீரென்று ஜிபியுவை இழந்து, என்விஎம்எல் தொடங்கவில்லை என்று சொல்வதும் உண்டு. ஹோஸ்டில் யாராவது சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்திருப்பார்கள், அல்லது ஏதாவது அப்டேட் அதைச் செய்திருக்கும். சில அமைப்புகளில் அது சிகுரூப் அனுமதிகளைத் திருப்பி எழுதிவிடுகிறது. கன்டெய்னரை மறுபடி தொடங்கினால் சரியாகும். நாள் கணக்கில் பயிற்சி ஓட்டுபவர்கள் இதற்காகவே செக்பாயின்ட்களை (பாதிப் பயிற்சியின் பதிவுகள்) வெளி வால்யூமில் அடிக்கடி சேமிக்க வேண்டும்.

வட்டு நிரம்புவதும் சீக்கிரம் நடக்கும். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். டாக்கர் பில்டர் ப்ரூன் பழைய பில்ட் மிச்சங்களைக் கழிக்கும். டாக்கர் 28 வரை எல்லாம் /வர்/லிப்/டாக்கரில் சேர்ந்தன; 29 முதல் புதிதாக நிறுவினால் இமேஜ்கள் /வர்/லிப்/கன்டெய்னர்டியில் சேர்கின்றன. ரூட் பார்ட்டிஷன் சிறியதாக இருந்தால் அந்த இடத்தைப் பெரிய வட்டுக்கு மாற்றிவிடுங்கள்: முன்னதற்கு டாக்கர் டீமன் அமைப்புக் கோப்பில் டேட்டா-ரூட், பின்னதற்குக் கன்டெய்னர்டியின் அமைப்புக் கோப்பில் ரூட்.

வேறு கணினிக்குக் கொண்டுபோதல்

லேபில் பத்துக் கணினி இருந்து இணையம் மெதுவாக இருந்தால், ஒவ்வொன்றிலும் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்கர் சேவ் இமேஜை ஒரு டார் கோப்பாக எழுதும், டாக்கர் லோட் அதை மறுபுறம் ஏற்றும். பென்டிரைவில் டார் கோப்பும் மாடல்கள் ஃபோல்டரும் போனால் போதும். இரண்டு கணினியும் ஒரே புராசஸர் வகையாக இருக்கட்டும். ஆப்பிள் சிலிகான் மேக்கில் கட்டியது ஆர்ம் இமேஜ், இன்டெல் கணினியில் அது நேராக ஓடாது. நீளமான கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிப்பதைத் தவிர்க்க, அதையே ஒரு கம்போஸ் கோப்பாக எழுதி டாக்கர்ஃபைலோடு சேர்த்து வையுங்கள்.

பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர்களில் டாக்கரை அனுமதிக்க மாட்டார்கள். முன்பே சொன்ன ரூட் அதிகாரம்தான் காரணம். அங்கே ஆப்டெய்னர் இருக்கும். சிங்குலாரிட்டி என்ற பழைய பெயரில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் பிறந்தது அது. டாக்கர் இமேஜையே எஸ்ஐஎஃப் என்ற ஒற்றைக் கோப்பாக மாற்றிக்கொள்ளும். ஜிபியுவுக்கு --என்வி கொடுத்தால் போதும். வெளியே நீங்கள் யாரோ உள்ளேயும் அவரே, ஆகவே --யூசர் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரை அது தானாகவே உள்ளே மவுன்ட் செய்துவிடும். ஹோமில் .லோக்கல் ஃபோல்டரில் எப்போதோ பிப் வைத்துப்போன பைடார்ச் இருந்து, பைதான் பதிப்பும் ஒன்றாக இருந்தால், இமேஜில் நீங்கள் நிலைநிறுத்திய பைடார்ச்சை முந்திக்கொண்டு அதுதான் லோட் ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் மாறும். பைதான்நோயூசர்சைட் என்ற சூழல் மாறியை (இதன் பெயரும் பெரிய எழுத்து) 1 என்று வைத்தோ, --நோ-ஹோம் கொடுத்தோ ஓட்டுங்கள். வேலையைத் தொடங்கும் முன் டார்ச்சின் __ஃபைல்__ எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று ஒருமுறை பிரின்ட் செய்து பாருங்கள்.